விமானம் மணிக்கணக்கில் தாமதமானால்: திருகோணமலைப் பயணிகளின் கேள்விகளும் பதில்களும்

திருகோணமலையிலிருந்து வெளிநாடு போகிறவருக்குப் பயணம் விமானத்தில் தொடங்குவதில்லை. வான் பிடித்து, கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று 250 கிலோமீற்றர் அளவு ஓடி, இரவில் யானை வழிமறித்தால் விளக்கை அணைத்துக் காத்திருந்து, ஒருவழியாகக் கட்டுநாயக்கவுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அறிவிப்புப் பலகையில் 'தாமதம்' என்று விழுகிறது. நீர்கொழும்பில் வீடுள்ளவர் திரும்பிப் போய்ப் படுத்து எழுந்து வரலாம். நமக்கு அந்த வசதி இல்லை. விமான நிறுவனங்களுக்கு முறைப்பாட்டுக் கடிதம் எழுதித் தருமாறு என்னிடம் வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளையும், அவர்களுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

விமானம் தாமதமானால் காசு கிடைக்குமாமே, உண்மையா?

சில பயணங்களுக்கு உண்மை. சிலவற்றுக்கு, நீங்கள் செலவழித்ததை நிரூபித்தால் மட்டும் கிடைக்கும். இன்னும் சிலவற்றில் சாப்பாடும் தங்குமிடமும் தவிர வேறொன்றும் கிடைக்காது. விமானம் எந்த நாட்டிலிருந்து புறப்பட்டது, அது எந்த நாட்டு நிறுவனத்துடையது, தாமதத்துக்குக் காரணம் என்ன என்ற மூன்றையும் வைத்தே இது முடிவாகிறது. உங்கள் கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்பதை யாரும் பார்ப்பதில்லை. மூதூரிலிருந்து போனவருக்கும் பாரிஸில் பிறந்தவருக்கும் ஒரே விமானத்தில் ஒரே உரிமைதான். டிக்கெட்டை மகன் வாங்கித் தந்தாலும் முதலாளி வாங்கித் தந்தாலும் நட்டஈடு கேட்கும் உரிமை பயணம் செய்தவருக்கே உரியது.

கட்டுநாயக்கவிலிருந்து டுபாய் போகும் விமானம் பத்து மணி நேரம் பிந்தியது. இலங்கைச் சட்டத்தில் என்ன இருக்கிறது?

ஐரோப்பாவில் இருப்பதுபோல இத்தனை மணி நேரத்துக்கு இத்தனை பணம் என்ற அட்டவணை இங்கே கிடையாது. இங்கே நாம் பிடித்துக்கொள்ளக்கூடியது 1999ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கை, அதாவது சர்வதேச விமானப் பயணத்தில் நிறுவனத்தின் பொறுப்பு என்ன என்று நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தம். இலங்கை 2018இல் அதில் இணைந்தது. 2019 ஜனவரியிலிருந்து அது நமக்கும் பொருந்துகிறது. ஐக்கிய அரபு இராச்சியம், கட்டார், குவைத், சவூதி, ஓமான், பஹ்ரைன், இந்தியா, கனடா, ஐக்கிய இராச்சியம், ஐரோப்பிய ஒன்றியம் என்று நம்மவர்கள் போய்வரும் இடங்கள் ஏறக்குறைய எல்லாமே அதில் இருக்கின்றன.

அதன் 19ஆம் உறுப்புரை சொல்வது இதுதான்: தாமதத்தால் பயணிக்கு ஏற்பட்ட இழப்புக்கு விமான நிறுவனம் பொறுப்பு. ஆனால் அந்த இழப்பைத் தவிர்க்க நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய எல்லா நடவடிக்கைகளையும் தான் எடுத்ததாக, அல்லது எடுக்கவே முடியாத நிலை இருந்ததாக நிறுவனம் நிரூபித்தால் தப்பிக்கொள்ளலாம். நிரூபிக்கும் சுமை நிறுவனத்தின் தலையில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். "எங்களால் ஒன்றும் செய்ய முடியாது" என்று கவுண்டரில் இருப்பவர் கையை விரிப்பது நிரூபணம் ஆகாது.

உச்ச வரம்பும் உண்டு. 2024 டிசம்பர் 28இலிருந்து ஒரு பயணிக்கு 6,303 சிறப்பு எடுப்பனவு உரிமை. இது சர்வதேச நாணய நிதியம் கணக்கிடும் அலகு. அன்றாட மாற்று விகிதத்தில் எட்டாயிரம் அமெரிக்க டொலருக்கு மேல் வரும். இதைக் கேட்டதும் பலருடைய கண்கள் விரிகின்றன. அது உச்சம் மட்டுமே. உங்கள் இழப்பு பதினெட்டாயிரம் ரூபா என்றால் பதினெட்டாயிரம்தான் கேட்கலாம், அதுவும் கையில் பற்றுச்சீட்டு இருந்தால்.

வான் கூலியைக் கேட்க முடியுமா?

என் மேசையில் ஆகச் சூடாக விவாதிக்கப்படும் கேள்வி இதுதான்.

கேட்கலாம். தாமதத்தால் மட்டுமே ஏற்பட்ட மேலதிகச் செலவு என்று காட்ட வேண்டும். ஊரிலிருந்து விமான நிலையம் போன கூலி எப்படியும் செலவாகியிருக்கும். அதைக் கேட்பதில் பயனில்லை. ஆனால் விமானம் அதிகாலை வந்திறங்க வேண்டியது மாலை வந்திறங்கியது, அழைத்துப் போக வந்த வான் பகல் முழுவதும் காத்துக் கிடந்தது என்றால் அந்தக் காத்திருப்புக் கூலி தாமதத்தின் பிள்ளைதான். விமானம் அடுத்த நாளுக்குத் தள்ளிப்போனதால் வீட்டுக்குத் திரும்பி மறுபடியும் வந்திருந்தால், அந்த இரண்டாவது ஓட்டத்தின் கூலியும் அப்படியே.

சிக்கல் எங்கே என்றால், நம்மூர் வான்காரர் பற்றுச்சீட்டு தருவதில்லை. காசை வாங்கி எண்ணிச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, "சரி அண்ணன், போயிட்டு வாங்க" என்று கிளம்பிவிடுகிறார். மூன்று மாதம் கழித்து நிறுவனம் ஆதாரம் கேட்கும்போது அவருடைய தொலைபேசி இலக்கமே மாறியிருக்கும்.

ஆகவே அந்த இடத்திலேயே எழுதி வாங்குங்கள். அச்சடித்த புத்தகம் தேவையில்லை. பிள்ளையின் கொப்பியிலிருந்து கிழித்த கோடு போட்ட தாள் போதும். வாகன இலக்கம், திகதி, எங்கிருந்து எங்கே, எத்தனை மணிக்கு வரச் சொன்னது, எத்தனை மணிக்குக் கிளம்பியது, காத்திருப்புக்கு மட்டும் எவ்வளவு, மொத்தம் எவ்வளவு, சாரதியின் பெயர், கையொப்பம். காத்திருப்புக் கூலியைத் தனி வரியில் எழுதச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாக எழுதினால் எது தாமதத்தால் வந்தது என்று பிரிக்க முடியாது. நிறுவனமும் முழுவதையும் தள்ளிவிடும். தாளைக் கையோடு படமெடுத்து வட்ஸ்அப்பில் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். தாள் நனையலாம், தொலையலாம். அனுப்பிய படத்தில் நாளும் நேரமும் நிற்கும். கூலியை வங்கி வழியாக அனுப்பினால் இன்னும் உறுதி.

இப்படி எழுதி வாங்குவதை வான்காரரைச் சந்தேகிப்பதாக நினைத்துக் கூச்சப்படுகிறவர்கள் உண்டு. விமான நிறுவனம் அப்படிக் கூச்சப்படுவதில்லை.

பாரிஸிலிருந்து வந்த அத்தைக்கு 600 யூரோ கிடைத்தது. அதே நிறுவனத்தில் திரும்பிப் போகும்போது ஒன்பது மணி நேரம் தாமதம், ஒரு சதமும் இல்லை. ஏன்?

இரண்டு திசைக்கும் இரண்டு சட்டம் என்பதால்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குவிதி 2005 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒன்றியத்தின் விமான நிலையத்திலிருந்து புறப்படும் எந்த விமானத்துக்கும் அது பொருந்தும். நிறுவனம் எந்த நாட்டுடையது என்பது கணக்கில் இல்லை. வெளியிலிருந்து ஒன்றியத்துக்குள் வரும் விமானம் என்றால், அதை இயக்குவது ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால் மட்டுமே பொருந்தும். உங்கள் அத்தை பாரிஸிலிருந்து வளைகுடா நிறுவனம் ஒன்றில் வந்தபோது புறப்பட்ட இடம் காப்பாற்றியது. கட்டுநாயக்கவிலிருந்து அதே நிறுவனத்தில் போனபோது புறப்பட்ட இடமும் ஐரோப்பா இல்லை, நிறுவனமும் ஐரோப்பியது இல்லை. போக வர ஒரே டிக்கெட் என்றாலும் இரண்டும் தனித்தனிப் பயணங்கள் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. டுசல்டோர்ஃபிலிருந்து டுபாய் வழியாக மணிலாவுக்குப் போய்த் திரும்ப இருந்த பயணி ஒருவர் எமிரேட்ஸ் நிறுவனத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கு அது.

திரும்பும் பயணத்துக்கு மொன்றியல் உடன்படிக்கை இருக்கிறது. அத்தை அங்கே செலவழித்ததற்குச் சீட்டு வைத்திருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.

ஐரோப்பாவிலிருந்து வரும்போது எவ்வளவு கிடைக்கும்?

சென்றடையும் இடத்துக்கு மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ பிந்தி வந்தால் நட்டஈடு உண்டு. ஒழுங்குவிதியில் விமானம் இரத்தானாலோ பயணியை ஏற்ற மறுத்தாலோ மட்டுமே தொகை எழுதப்பட்டிருந்தது. 2009 நவம்பரில் வந்த நீதிமன்றத் தீர்ப்புத்தான் அதை நீண்ட தாமதத்துக்கும் விரித்தது. 1,500 கிலோமீற்றர் வரை 250 யூரோ, அதற்கு மேல் 3,500 வரை 400, அதையும் தாண்டினால் 600. கொழும்பு ஐரோப்பாவின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் 3,500 கிலோமீற்றருக்கு வெகு அப்பால் இருப்பதால் நம்மவர்களுக்கு 600தான். தாமதம் மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் என்றால் அதைப் பாதியாக்கி 300 தரலாம்.

சுவிட்சர்லாந்தும் இதே விதியைப் பின்பற்றுகிறது. சூரிச்சிலிருந்து வருகிறவர்கள் தங்களுக்கு இல்லை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். ஐக்கிய இராச்சியம் ஒன்றியத்தை விட்டு விலகிய பிறகும் அதே விதியைத் தன் சட்டமாக வைத்திருக்கிறது. லண்டனிலிருந்து கொழும்புக்கு 520 பவுண். இலங்கை நிறுவனத்தின் விமானத்தில் வந்தாலும் அதேதான், ஏனென்றால் புறப்பட்டது லண்டன்.

நேரத்தை எப்படி அளப்பது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சக்கரம் ஓடுபாதையைத் தொட்ட நேரம் கணக்கில்லை. பயணிகள் இறங்குவதற்குக் கதவு திறந்த நேரமே வந்துசேர்ந்த நேரம் என்று 2014இல் தீர்ப்பு இருக்கிறது. மூன்று மணி நேரத்துக்கு இரண்டு நிமிடம் குறைவு என்று நிறுவனம் சொல்லும்போது அந்தக் கதவு 300 அல்லது 600 யூரோ பெறும். கதவு திறந்ததும் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாரிஸ் விமானம் இரண்டு மணி நேரம்தான் பிந்தியது. ஆனால் டோஹாவில் கொழும்பு விமானத்தைத் தவறவிட்டு, பத்து மணி நேரம் கழித்து வந்து சேர்ந்தோம். இது எந்தக் கணக்கு?

ஒரே முன்பதிவில் வாங்கிய பயணம் என்றால் கடைசியாக வந்து சேர்ந்த இடத்தின் தாமதமே கணக்கு. பத்து மணி நேரம், 600 யூரோ. இடையில் விமானம் மாறியது ஐரோப்பாவுக்கு வெளியே என்பது தடையில்லை.

"தொழில்நுட்பக் கோளாறு, அதனால் நட்டஈடு இல்லை" என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. விட்டுவிடுவதா?

ஐரோப்பிய விதியின் கீழ் என்றால் விடாதீர்கள். விமானத்தில் பழுது வருவதும் அதைத் திருத்துவதும் நிறுவனத்தின் அன்றாட வேலை. நட்டஈட்டிலிருந்து நிறுவனத்தைத் தப்பவைக்கும் 'அசாதாரண சூழ்நிலை' அது ஆகாது என்பது 2008இலேயே நீதிமன்றத்தில் முடிவான விஷயம். இது தெரிந்தும் இந்த வரியை எழுதி அனுப்புகிறார்கள். முதல் மின்னஞ்சலோடு பாதிப் பேர் ஓய்ந்துவிடுவார்கள் என்று எதிர்பார்க்கிறார்கள் என்பது என் எண்ணம். இரண்டாவது கடிதம் எழுதுங்கள்.

புயல், வான்பரப்பு மூடல், போர், வான்கட்டுப்பாட்டாளர்களின் வேலைநிறுத்தம் போன்றவை வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. 2025 ஜூன் 23இல் கட்டார் தன் வான்பரப்பை மூடியபோது டோஹா வழியாகப் போகவிருந்தவர்கள் அங்கங்கே மாட்டிக்கொண்டார்கள். இப்படியான வேளைகளில் நட்டஈட்டுத் தொகை கிடைக்காது. ஆனால் ஐரோப்பிய விதியின்படி சாப்பாடும் தங்குமிடமும் தர வேண்டிய கடமை அப்போதும் போகாது. 2010இல் ஐஸ்லாந்து எரிமலை வெடித்து ஐரோப்பாவே நாட்கணக்கில் முடங்கிய சம்பவத்தில்கூட, பயணியின் நியாயமான செலவை நிறுவனம் கொடுத்தாக வேண்டும் என்று 2013இல் தீர்ப்பு வந்தது. நியாயமான என்ற சொல்லுக்குள் நட்சத்திர ஹோட்டலின் மதுக்கூடச் செலவு அடங்காது.

காத்திருக்கும்போது சாப்பாடு எப்போது தர வேண்டும்?

ஐரோப்பாவிலிருந்து கொழும்புக்கான தூரத்துக்கு நான்கு மணி நேரத் தாமதம் எதிர்பார்க்கப்பட்டால் சாப்பாடு, குடிபானம், இரண்டு தொலைபேசி அழைப்பு. இரவு தங்க நேர்ந்தால் ஹோட்டலும் போக்குவரத்தும். கனடாவில் இரண்டு மணி நேரத்திலிருந்து. கட்டுநாயக்கவில் வளைகுடா, ஆசிய நிறுவனங்கள் என்றால் அந்தந்த நிறுவனத்தின் பயண நிபந்தனைகளில் எழுதியிருப்பதைப் பொறுத்தது. ஆனால் கேட்டால் பெரும்பாலும் ஏதாவது தருவார்கள். கேளாமல் கதிரையில் உட்கார்ந்திருப்பவருக்கு யாரும் கொண்டுவந்து கொடுப்பதில்லை. நீரிழிவு உள்ள பெரியவர், கர்ப்பிணி, கைக்குழந்தை இருந்தால் முதலிலேயே கவுண்டரில் சொல்லிவையுங்கள். இன்சுலினைப் பெட்டியோடு அனுப்பிவிட்டு நிற்கிறவர்களை அடிக்கடி கேள்விப்படுகிறேன். மருந்து கைப்பையில் இருக்க வேண்டும்.

ரொறன்ரோவிலிருந்து தம்பி வந்தான். கனடாச் சட்டம் எப்படி?

2019இல் வந்த விதிகள். கனடாவுக்குப் போகும் விமானம், அங்கிருந்து வரும் விமானம் இரண்டுக்கும் பொருந்துகின்றன. இந்த வகையில் ஐரோப்பாவை விடத் தாராளம். பெரிய நிறுவனங்கள் மூன்று முதல் ஆறு மணி வரையான தாமதத்துக்கு 400 கனேடிய டொலர், ஆறு முதல் ஒன்பது வரை 700, ஒன்பதுக்கு மேல் 1,000 தர வேண்டும்.

ஆனால் ஓர் ஓட்டை இருக்கிறது. காரணம் நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், அதோடு பாதுகாப்புக்காகச் செய்ததாகவும் இருக்கக் கூடாது. ஐரோப்பாவில் செல்லாத 'இயந்திரக் கோளாறு' கனடாவில் பாதுகாப்பு என்ற பெயரில் நிறுவனத்தைத் தப்பவைக்கிறது. அப்போது சாப்பாடும் மாற்று விமானமும் மட்டுமே. வழமையான பராமரிப்பில் தெரியவந்த பழுது என்றால் அந்தச் சாக்கு செல்லாது. ஆகவே காரணத்தை விவரமாக எழுத்தில் கேளுங்கள். ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நிறுவனம் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் கனேடியப் போக்குவரத்து முகமையிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம்.

பலாலியிலிருந்து சென்னை போய் அங்கிருந்து லண்டன் போவது மலிவாக இருக்கிறது. ஏதாவது ஆபத்து உண்டா?

மலிவு உண்மைதான். ஹொரவப்பொத்தானை, வவுனியா வழியாகப் பலாலிக்குப் போய் ஏறுகிறவர்கள் இப்போது நம்மூரிலும் இருக்கிறார்கள். பலாலி–சென்னை ஒரு டிக்கெட், சென்னை–லண்டன் இன்னொரு டிக்கெட் என்று தனித்தனியாக வாங்கும்போதுதான் கால் சறுக்குகிறது.

முதல் விமானம் பிந்தி, இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனத்தின் பார்வையில் நீங்கள் வராமல் போன பயணி. டிக்கெட் போய்விடும்; போக வரச் சேர்த்து வாங்கியிருந்தால் திரும்பும் பகுதியும் சேர்ந்து இரத்தாகலாம். முதல் நிறுவனத்திடம் மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் அந்த இழப்பைக் கேட்கலாம்தான், ஆனால் அவர்களுக்குத் தெரியாத டிக்கெட்டுக்காக அவர்களிடம் போராடுவது நெடும் பாதை. ஒரே முன்பதிவு இலக்கத்தில் இருந்தால் மாற்று விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பாடு. விலை வித்தியாசம் எவ்வளவு என்று பார்த்து, அது அந்தக் காப்புறுதிக்கு நீங்கள் கொடுக்கும் விலை என்று கணக்குப் போடுங்கள். பிரித்துத்தான் வாங்குவீர்கள் என்றால் நடுவில் ஒரு நாள் விட்டு வாங்குங்கள்.

இந்திய விசா விஷயமும் இருக்கிறது. சென்னையில் இரவு மாட்டிக்கொண்டால், விசா இல்லாதவரை வெளியே ஹோட்டலுக்கு அழைத்துப் போக நிறுவனம் விரும்பினாலும் முடியாது.

இந்திய நிறுவனங்களுக்கு அந்நாட்டு விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விதி வகுத்திருக்கிறது. சென்னை–பலாலி போன்ற குறும்பயணத்துக்கு இரண்டு மணி நேரத் தாமதத்திலேயே சிற்றுண்டி. ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் மாற்று விமானம் அல்லது பணம் திருப்பித் தருதல். 24 மணி நேரத்துக்கு மேல் என்றாலோ, இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையில் புறப்பட வேண்டியது ஆறு மணி நேரத்துக்கு மேல் பிந்தினாலோ தங்குமிடம். வெறும் தாமதத்துக்கு நட்டஈட்டுத் தொகை அங்கே கிடையாது.

வேலைக்காகக் குவைத் போகிறேன். ஏஜென்சிதான் டிக்கெட் போட்டது. தாமதமானால் நான் யாரிடம் பேசுவது?

முதலில் ஏஜென்சிக்கும் அங்கே உங்களை அழைத்துப் போக வரவேண்டியவருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். வட்ஸ்அப் செய்தியும் எழுத்துத்தான். பிந்தி வந்ததற்காகச் சம்பளம் பிடிப்பார்கள் என்ற பயம் கிண்ணியாவிலும் மூதூரிலும் இருந்து போகும் பெண்களிடம் அதிகம் இருக்கிறது. விமான நிறுவனத்திடம் தாமதச் சான்றிதழ் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டால் அந்த வாய்ப்பை அடைக்கலாம். கேட்டால் தரும் சாதாரணக் கடிதம் அது.

உண்மையாகவே சம்பளம் பிடித்தால் அது தாமதத்தால் வந்த இழப்பு. எத்தனை நாளுக்கு எவ்வளவு பிடித்தார்கள் என்ற கடிதமோ சம்பளச் சீட்டோ இருந்தால் நிறுவனத்திடம் கேட்கலாம். ஏஜென்சி கைவிட்டால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

அப்பாவின் இறுதிக் கிரியைக்காக அண்ணன் ஜேர்மனியிலிருந்து கிளம்பினார். விமானம் ஏழு மணி நேரம் தாமதம் என்று சொன்னார்கள், இனி வந்தும் முகம் பார்க்க முடியாது. டிக்கெட் காசு திரும்பக் கிடைக்குமா?

கிடைக்கும். ஐரோப்பிய விதியில் தாமதம் ஐந்து மணி நேரத்தை எட்டினால், பயணத்தைக் கைவிட்டு முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கலாம். பாதி வழியில் நின்று பயணம் பொருளற்றுப் போனால், பணத்தோடு புறப்பட்ட இடத்துக்குத் திரும்பும் விமானமும் தர வேண்டும். ஆனால் பணத்தைத் திரும்பப் பெறுவதா, பிந்தினாலும் வருவதா என்பதை அந்த நேரத்திலேயே தீர்மானிக்க வேண்டியிருக்கும். துக்கத்தில் இருப்பவரிடம் கவுண்டரில் கேட்பார்கள். முடிந்தால் ஊரிலிருந்து ஒருவர் தொலைபேசியில் கூட இருந்து, கிரியையை ஒரு நாள் தள்ளிவைக்க முடியுமா, அந்தியேட்டிக்காவது வந்து நிற்பது நல்லதா என்று பேசிவிட்டுப் பதில் சொல்லச் சொல்லுங்கள். பல குடும்பங்களில் வந்துவிடுவதே நல்லது என்று முடிகிறது.

தங்கையின் முகூர்த்தம் தவறிவிட்டது. மன உளைச்சலுக்கு நட்டஈடு?

ஐரோப்பிய, கனேடியத் தொகைகள் இப்படியான அலைக்கழிவுக்கும் சேர்த்தே நிர்ணயிக்கப்பட்டவை, தனியாக இல்லை. மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் நீதிமன்றங்கள் பொதுவாகப் பொருள் இழப்பைத்தான் பார்க்கின்றன. அழுகைக்குப் பற்றுச்சீட்டு இல்லை.

கவுண்டரில் வவுச்சர் ஒன்று தந்து கையொப்பம் கேட்டார்கள். போடலாமா?

படித்துவிட்டுப் போடுங்கள். சாப்பாட்டு வவுச்சர் என்றால் தயங்க வேண்டாம். அதை வாங்கியதால் நட்டஈட்டு உரிமை போகாது. அடுத்த பயணத்துக்கான வவுச்சர் என்றால் நில்லுங்கள். தாளின் அடியில் பொடி எழுத்தில், இதைப் பெற்றுக்கொண்டதால் இந்தப் பயணம் தொடர்பான எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்துவிட்டன என்று இருக்கலாம். ஐரோப்பிய விதியில் பணமாகத்தான் தர வேண்டும், நீங்கள் கையொப்பமிட்டு இணங்கினால் மட்டுமே வவுச்சர். நள்ளிரவு இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் நிற்பவரிடம் அந்த இணக்கத்தை வாங்குவது எளிது. "வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லித் தாளை மட்டும் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் வந்துவிட்டோம், பெட்டி வரவில்லை.

பெட்டி வரும் மண்டபத்தை விட்டு வெளியேறும் முன்பே பதிவு செய்யுங்கள். இலக்கம் எழுதிய படிவம் தருவார்கள். திருகோணமலைக்கு வந்த பிறகு முறையிட்டால் பாதி பலம் போய்விடும். பெட்டி வராத நாட்களில் வாங்கிய உடுப்பு, பற்பசை போன்ற அவசியங்களுக்குச் சீட்டு வையுங்கள். பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் தாமதத்துக்கும், உடைந்து வந்தால் 7 நாளுக்குள் சேதத்துக்கும் எழுத்தில் முறையிட வேண்டும். வரவேண்டிய நாளிலிருந்து 21 நாள் கடந்தும் வராவிட்டால் தொலைந்ததாகக் கருதி இழப்பைக் கேட்கலாம். உச்ச வரம்பு 1,519 சிறப்பு எடுப்பனவு உரிமை, சுமார் 2,000 டொலர். பெட்டியை வீடுவரை கொண்டுவந்து தரச் சொல்லுங்கள். கட்டுநாயக்கவுக்கு வந்து எடுங்கள் என்றால் அந்தப் போக்குவரத்துச் செலவையும் பட்டியலில் சேருங்கள்.

கடிதத்தில் என்ன எழுதுவது, யாருக்கு அனுப்புவது?

விமானத்தை இயக்கிய நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில். டிக்கெட்டில் ஒரு நிறுவனத்தின் பெயரும் விமானத்தில் இன்னொன்றின் பெயரும் இருந்தால், ஐரோப்பிய விதியில் விமானத்தை இயக்கியவரே பொறுப்பு.

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பெயர், முன்பதிவு இலக்கம், விமான இலக்கம், திகதி, புறப்பட வேண்டிய நேரம், கதவு திறந்த நேரம், சொல்லப்பட்ட காரணம், எந்தச் சட்டத்தின் கீழ் எவ்வளவு கேட்கிறீர்கள், செலவு விவரம், வங்கிக் கணக்கு, எத்தனை நாளுக்குள் பதில் வேண்டும். திட்டி எழுத வேண்டாம். எனக்கே சில வேளை கை துருதுருக்கும். ஆனால் கோபமான பந்தியை வாசிக்கிற ஊழியர் தொகை எழுதிய பந்தியைத் தேடமாட்டார். போர்டிங் பாஸ், பற்றுச்சீட்டு எல்லாவற்றுக்கும் பிரதி மட்டும் அனுப்புங்கள். மூலம் உங்களிடமே இருக்கட்டும்.

பதில் இல்லாவிட்டால் ஐரோப்பாவில் அந்தந்த நாட்டின் அமலாக்க அமைப்பு, ஐக்கிய இராச்சியத்தில் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை, இங்கே இலங்கைச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை. வழக்கு என்று வந்தால், பயணம் சென்றடையும் நாட்டின் நீதிமன்றத்திலும் தொடுக்கலாம் என்கிறது மொன்றியல் உடன்படிக்கை. கொழும்பில் தொடங்கிக் கொழும்பில் முடியும் போக வர டிக்கெட்டுக்குச் சென்றடையும் இடம் கொழும்புதான். ஆகவே வெளிநாட்டு நிறுவனம் என்றாலும் இலங்கையில் வழக்குப் போட வழியிருக்கிறது. தொகையைப் பார்த்து, சட்டத்தரணியின் கட்டணத்தையும் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

இணையத்தில் சில கம்பனிகள் நாங்களே வாங்கித் தருகிறோம் என்கின்றன.

வாங்கித் தருவார்கள், கால்வாசிக்கும் மேல் எடுத்துக்கொள்வார்கள். நிறுவனம் மறுத்து வழக்குவரை போக வேண்டிய நிலையில், ஐரோப்பாவில் உங்களுக்கு ஆள் இல்லை என்றால் அது பெறுமதியான கட்டணமாக இருக்கலாம். முதல் கடிதத்துக்கே அவர்களிடம் போக வேண்டியதில்லை.

நடந்து ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. இன்னும் கேட்கலாமா?

மொன்றியல் உடன்படிக்கையில் வந்துசேர்ந்த அல்லது வந்துசேர வேண்டிய நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும். கடிதம் எழுதிக்கொண்டிருப்பதால் அந்தக் காலம் நீளாது. உங்களுக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. கனடா என்றால் காலம் கடந்துவிட்டது. ஐரோப்பிய விதியில் ஒவ்வொரு நாட்டுக்கும் வேறு: ஜேர்மனியில் மூன்று வருடம், பிரான்ஸில் ஐந்து, இங்கிலாந்தில் ஆறு. போர்டிங் பாஸ் தொலைந்திருந்தாலும் முன்பதிவு மின்னஞ்சலும் கடவுச்சீட்டில் குத்திய முத்திரையும் இருந்தால் எடுத்து வாருங்கள்.